மரம் சாய்ந்தால் யார் சாகிறார்கள்? காட்டோடு கட்டுண்ட இனங்களைப் புரிந்துகொள்ள

மிகுபுனைவுக் கதை படிப்பவர்களுக்கும், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் ஈடுபடுபவர்களுக்கும், சொந்தமாக ஓர் உலகத்தைக் கட்டிப் பார்ப்பவர்களுக்கும் அடிக்கடி வரும் குழப்பம் இது. டிரையட், எல்ஃப், நிம்ஃப், வனதேவதை, நடக்கும் மரம் எல்லாமே காட்டில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் பச்சை நிறத்தில்தான் வரைகிறார்கள். அப்படியானால் இவற்றுக்குள் என்ன வேறுபாடு? மரத்தை வெட்டினால் அதில் வாழும் டிரையட் சாகுமா? ஒரு கதையில் அந்தக் கணமே சாகிறது, இன்னொன்றில் பக்கத்து மரத்துக்குக் குடிபோகிறது, மூன்றாவதில் பித்துப் பிடித்து அலைகிறது.

தோலின் நிறத்தையும் தலையில் முளைத்த இலையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்: இந்த உயிருக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் கட்டு எந்த வகை? ஆயுள், பயணம், உறவு, போர், நீதி எல்லாம் அந்த விடையிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் பெயர்கள்

கிரேக்கத்தில் 'டிரூஸ்' என்றால் ஓக் மரம். பொதுவாக மரம் என்றும் பொருள்படும். அதிலிருந்து வந்தது டிரையட். 'ஹமா' என்றால் உடன். ஆகவே ஹமட்ரையட் என்பவள் மரத்துடன் சேர்ந்தே இருப்பவள். நிம்ஃப், அதாவது இயற்கையில் உறையும் பெண்தேவதை, என்பது இவர்கள் எல்லோரையும் அடக்கும் பெரிய வகை. ஊற்றுகளுக்கு நையட், மலைகளுக்கு ஓரியட், மரங்களுக்கு டிரையட். ஆஷ் மரத்துக்கு மட்டும் மெலியாய் என்று தனிக்கூட்டம் உண்டு. வானக் கடவுள் யுரேனஸின் குருதி மண்ணில் சிந்தியபோது அவர்கள் பிறந்தார்கள் என்கிறார் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட்.

எல்ஃப் வேறு குடும்பம். அது ஜெர்மானிய மரபிலிருந்து வந்தது. காடு பிடித்திருப்பதால் எல்ஃப் காட்டில் வாழ்கிறது. நாளைக்கே கப்பலேறிப் போய்விடலாம், ஒன்றும் ஆகாது. டிரையட்டால் அது முடியுமா என்பதுதான் கேள்வியே.

தமிழில் வனதேவதை என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புழங்குகிறது. திருமுருகாற்றுப்படையில் சோலையில் ஆடும் சூரரமகளிர் வருகிறார்கள். ஆனால் அவர்கள் இந்த மரத்துக்கு இவள் என்று தனித்தனியே கட்டுண்டவர்கள் அல்லர். எனவே இங்கே ஒரு தனி மரத்தோடு கட்டுண்டவர்களை மரமாந்தர் என்றே அழைக்கிறேன்.

கட்டில் எத்தனை வகை?

1. குடியிருப்பு. மரம் வீடு, உயிர் அதில் குடியிருப்பது. இதற்குத் தெளிவான சான்று பௌத்த விநய நூலில் இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் பிக்கு ஒருவர் மரம் வெட்டுகிறார். 'என் வீட்டை வெட்டாதீர்கள்' என்று அதில் இருந்த தேவதை கெஞ்சுகிறது. அவர் கேட்கவில்லை, கோடரி தேவதையின் குழந்தையின் கையில் படுகிறது. அவரைக் கொன்றுவிடலாமா என்று தேவதைக்கு ஒரு கணம் தோன்றுகிறது. அது தகாது என்று அடங்கி, புத்தரிடம் போய் முறையிடுகிறது. நல்லவேளை கொல்லாமல் விட்டாய் என்று பாராட்டிய புத்தர், காலியாக இருந்த வேறொரு மரத்தைக் காட்டி அங்கே போகச் சொல்கிறார். செடிகொடிகளை அழிக்கக் கூடாது என்ற விதி பிக்குகளுக்கு இந்த நிகழ்வை ஒட்டித்தான் வந்தது. வேறு மரத்துக்குக் குடிபோக முடிகிறது என்பதைக் கவனியுங்கள். மரம் போனால் வீடு போகிறது, உயிர் போவதில்லை.

2. இரட்டை உயிர். மரமும் அவளும் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் மடிவார்கள். ஹமட்ரையட் இந்த வகை.

3. காவல். ஸ்லாவிய மரபின் லேஷி இதற்கு எடுத்துக்காட்டு. தனி மரம் எதுவும் அதற்குக் கிடையாது, காடு முழுவதும் அதன் பொறுப்பு. காட்டின் நடுவே மரத்தின் உயரத்துக்கு நிற்கும். காட்டோரத்தில் புல்லின் உயரத்துக்குக் குறைந்துவிடும். காவலின் வலிமை காட்டின் அடர்த்தியைப் பொறுத்தது என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

4. உருமாற்றம். மனித உருவில் இருந்த உயிர் மரமாவது. கிரேக்கக் கடவுள் அப்போலோவிடமிருந்து தப்ப லாரல் மரமான டாஃப்னியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான்.

நடந்து பேசும் மரங்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவை மரமேதான், கட்டு என்று சொல்ல அங்கே இரண்டாவது பொருள் கிடையாது.

குழப்பத்துக்குக் காரணம், இன்றைய கதைகள் இந்த நான்கையும் கலந்து ஒரே பெயரில் தருவதுதான். கலப்பது தவறில்லை. ஆனால் எதிலிருந்து எதை எடுத்தோம் என்று தெரியாமல் கலந்தால், மூன்றாம் அத்தியாயத்தில் செத்திருக்க வேண்டியவள் ஏழாம் அத்தியாயத்தில் ஏன் உயிரோடு இருக்கிறாள் என்று வாசகர் கேட்பார்.

இரட்டை உயிரின் ஆயுள் கணக்கு

நான்கில் கனமானது இரண்டாவது வகை. அஃப்ரோடைட்டிக்கான ஹோமரியப் பாடல், மலையில் வாழும் நிம்ஃபுகளைப் பற்றிச் சொல்லும் இடம் முக்கியமானது. அவர்கள் சாகிறவர்களோடும் சேராதவர்கள், சாகாதவர்களோடும் சேராதவர்கள். அவர்கள் பிறக்கும்போது உயர்ந்த ஊசியிலை மரங்களோ ஓக் மரங்களோ மண்ணிலிருந்து எழுகின்றன. எந்த மனிதனும் அவற்றை இரும்பால் வெட்டுவதில்லை. சாவு நெருங்கும்போது முதலில் மரம் நின்ற இடத்திலேயே காய்கிறது, பட்டை சுருங்குகிறது, கிளைகள் உதிர்கின்றன. அப்புறம் மரத்தின் உயிரும் அவள் உயிரும் சேர்ந்தே வெளிச்சத்தை விட்டுப் போகின்றன.

இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்றும் உண்டு. ஹெசியட் பெயரால் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எடுத்துத் தரும் வரிகள் அவை. காகம் மனிதர்களின் ஒன்பது தலைமுறை வாழும். மான் காகத்தைப் போல் நான்கு மடங்கு. அண்டங்காக்கை மானைப் போல் மூன்று மடங்கு. ஃபீனிக்ஸ் அதைப் போல் ஒன்பது மடங்கு. நிம்ஃப் ஃபீனிக்ஸைப் போல் பத்து மடங்கு. பெருக்கிப் பாருங்கள்: 9 × 4 × 3 × 9 × 10 = 9,720 தலைமுறை. தலைமுறை என்பதை ஓர் ஆண்டு என்று ஆகக் குறைவாக வைத்துக்கொண்டாலும் 9,720 ஆண்டுகள்.

ஓக் மரம் எதுவும் அவ்வளவு நாள் நிற்காது. வளையங்களை எண்ணி வயது கண்ட மரங்களில் மிக மூத்தவற்றுள் ஒன்று, கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் நிற்கும் 'மெத்தூசலா' என்ற பிரிசில்கோன் பைன். அதற்கே வயது சுமார் 4,800தான். ஆக, பழைய மரபுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்றில் அவளுடைய ஆயுள் மரத்தின் ஆயுள். இன்னொன்றில் மரத்தைப் பலமுறை கடந்த ஆயுள். கதை எழுதுபவர் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பைன்மகளுக்கும் பிர்ச்மகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளி வந்துவிடும். பிர்ச் மரம் பெரும்பாலும் நூறு ஆண்டுக்குள் முடிந்துபோகும். ஒரே காட்டில் ஒருத்தி தன் பிர்ச் தோழிகளை நாற்பது ஐம்பது தலைமுறை அடக்கம் செய்திருப்பாள். அந்த இனத்தின் துயரம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கதைகள் ஏன் தொடுவதில்லை என்று எனக்கு ஆதங்கமே உண்டு.

உயிர் மரத்தின் எந்தப் பகுதியில்?

ஓவியங்களில் மரமகள் அடிமரத்தின் நட்ட நடுவில், வைரம் பாய்ந்த கட்டைக்குள் உறங்குவாள். தாவரவியல்படி பார்த்தால் அங்கே உயிரே இல்லை. வைரம் என்பது செத்த திசு. மரத்துக்கு உறுதி தருவதுதான் அதன் வேலை. அதனால்தான் உள்ளே முழுக்கப் பொந்தாகிப்போன கிழட்டு ஓக்கும் ஆண்டுதோறும் தளிர்விடுகிறது. மரம் பருக்கும் இடம் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படலம். அதன் உட்புறம் நீர் மேலே ஏறுகிறது. வெளிப்புறம், உள்பட்டை வழியாக, இலை சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்குகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் சாவு பற்றிய கேள்விகள் எல்லாம் வேறு வடிவம் எடுக்கின்றன.

1. பட்டை உரித்தல். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் மரம் உடனே சாகாது. நீர் மேலே போய்க்கொண்டே இருப்பதால் இலை பச்சையாகவே நிற்கும். வேருக்குத்தான் உணவு போகாது. மாதக்கணக்கில், சில மரங்களில் ஆண்டுக்கணக்கில், மெல்லப் பட்டுப்போகும். மரமாந்தரோடு போரிடும் எதிரிக்குத் தீயைவிடக் கொடிய ஆயுதம் இது. கத்தலோ புகையோ இருக்காது. காயப்பட்டவளுக்கும் முதலில் தெரியாது.

2. வெட்டுதல். ஓக், ஆஷ், ஹேசல் போன்றவற்றை அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து மறுதாம்பு விடும். பெரும்பாலான ஊசியிலை மரங்கள் விடாது. ஹோமரியப் பாடல் இரண்டு வகையையும் ஒன்றாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆனால் கோடரிக்கு முன்னால் இரண்டும் ஒன்றல்ல. பைன்மகள் செத்தால் செத்ததுதான். ஓக்மகள் அடுத்த வசந்தத்தில் மெலிந்த பத்துத் தண்டுகளாக எழுந்து வருவாள். அவள் ஒருத்தியா, பத்துப் பேரா? பழைய நினைவு வேரில் இருக்குமா? இந்த இனத்தைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் உட்கார வேண்டிய கேள்வி இது என்பது என் கருத்து.

3. ஒட்டு. ஒரு மரத்தின் வேரில் இன்னொரு மரத்தின் கிளையை ஒட்டுக்கட்டினால் வேர் ஒருத்தியுடையது, கனி இன்னொருத்தியுடையது. மரமாந்தருக்கு இது திருமணமாகவும் இருக்கலாம், சிறையாகவும் இருக்கலாம். யார் கட்டினார்கள், கேட்டுவிட்டுக் கட்டினார்களா என்பதைப் பொறுத்தது அது.

300 கஜம்

காட்டை விட்டு வெளியே வர முடியாது என்ற விதி எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன கிரேக்கப் பாடல்களில் தூர எல்லை எதுவும் இல்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், ஒரு மரமகள் கொல்லப்பட்டதும் அவளுடைய டிரையட் சகோதரிகள் கறுப்பு உடை உடுத்தி சீரிஸ் தேவியிடமே போய் முறையிடுகிறார்கள். சாவில்தான் கட்டு, நடையில் கட்டு இல்லை.

நடையைக் கட்டியது விளையாட்டுப் புத்தகம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு 1974இல் வந்தபோதே டிரையட்டுக்குத் தன் மரத்திலிருந்து தூர எல்லை இருந்தது. 2003இல் வந்த 3.5 பதிப்பில் அது 300 கஜம். தாண்டினால் நோயுற்று, சில மணி நேரங்களில், அதிகம் போனால் ஒரே நாளில் சாவு. 2014இன் ஐந்தாம் பதிப்பில் அந்த எண் இல்லை. அதற்குப் பதில், ஒரு மரத்துக்குள் நுழைந்து 60 அடிக்குள் இருக்கும் இன்னொரு மரத்தின் வழியாக வெளியே வரும் ஆற்றல் இருக்கிறது. வெவ்வேறு பதிப்பில் ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசுவது இதனால்தான்.

300 கஜம் என்பது சுமார் 274 மீட்டர். அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் கிட்டத்தட்ட 58 ஏக்கர் வரும். சரி, அதற்குள் அடைபட்ட உயிர்கள் எப்படி ஒரு சமூகமாக வாழும்? இரண்டு மரங்களுக்கு நடுவே 600 கஜத்துக்குள் தூரம் இருந்தால் இருவரும் எல்லையில் சந்தித்துக்கொள்ளலாம். அவள் அடுத்தவளை, அடுத்தவள் அதற்கு அடுத்தவளை என்று சங்கிலியாகச் செய்தி போகும். ஒரு பாதை வெட்டினால் இந்தச் சங்கிலி அறாது. 600 கஜ அகலத்துக்கு மேல் காட்டைத் திருத்தி வயலாக்கினால் அறுந்துவிடும். ஒரு மரமகளைக்கூடக் கொல்லாமல் ஓர் இனத்தை இரண்டாக்கிவிடலாம். சில நூற்றாண்டுகளில் வயலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு மொழி பேசுவார்கள்.

செய்தி கொண்டுபோக வேறு வழியும் கிரேக்கக் கதையில் இருக்கிறது. சாயவிருந்த ஓக் மரத்துக்கு முட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய ரோய்க்கஸ் என்பவனிடம் அந்த மரமகள் நன்றி சொல்லி, தனக்கும் அவனுக்கும் இடையே தேனீ தூது வரும் என்கிறாள். ஒருநாள் அவன் தேனீயைக் கடிந்து விரட்ட, கோபத்துக்கு ஆளாகிறான். கட்டுண்ட இனத்துக்குச் சிறகுள்ளவை எல்லாம் தூதர்கள். தேனீயைக் கொல்வது அவர்கள் சட்டத்தில் தூதரைக் கொல்வதாகும்.

ஒரே வேர், பல உடல்

மரம் என்றால் ஒரு தண்டு, ஓர் உயிர் என்றே இதுவரை பேசினோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'பாண்டோ' என்று பெயரிட்ட ஆஸ்பென் தோப்பு இருக்கிறது. 106 ஏக்கரில் சுமார் 47,000 தண்டுகள். மரபணுப்படி எல்லாமே ஒரே மரம், வேர் ஒன்று. அதோடு இரட்டையாகப் பிறந்தவள் ஒருத்தியாக இருந்தால் 47,000 உடல்கள் அவளுக்கு. மானும் மற்ற மேய்ச்சல் விலங்குகளும் இளந்தளிர்களைத் தின்பதால் பாண்டோவின் பல பகுதிகளில் கிழத்தண்டுகள் சாய, அவற்றின் இடத்துக்குப் புதியவை எழுவதில்லை. கோடரியே படாமல் ஓர் உயிர் முதுமையில் கரைவது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

பூஞ்சை இழைகள் வழியே மரங்கள் பேசிக்கொள்கின்றன என்பதையும் பல கதைகள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. 1997இல் சூசன் சிமார்ட் குழு, பிர்ச்சுக்கும் டக்ளஸ் ஃபிர்ருக்கும் இடையே கரிமம் கைமாறுவதைக் காட்டியது. ஆனால் காட்டு மரங்கள் ஒன்றையொன்று எச்சரிக்கின்றன, தாய்மரம் தன் கன்றை இனங்கண்டு ஊட்டுகிறது என்பதற்கெல்லாம் போதிய சான்று இல்லை என்று 2023இல் ஒரு மறுஆய்வு சொன்னது. கதையில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அறிவியல் என்று சொல்லாமல்.

எல்லோரும் பெண்களா?

கிரேக்கத்திலும் லத்தீனிலும் மரப்பெயர்கள் பெரும்பாலும் இலக்கணப்படி பெண்பால். மரத்துக்குள் இருப்பவள் பெண்ணானதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஓக் மரத்திலோ ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் பூக்கின்றன. ஆஸ்பெனில் மரத்துக்கு மரம் பால் வேறு, பாண்டோ ஆண் மரம். ஆண்களை மயக்கும் அழகிகள் மட்டுமே கொண்ட இனம் என்பது மரத்தைப் பார்க்காமல் எழுதியது. அதை இனியாவது விட்டுவிடலாம்.

வெட்டியவன் என்ன ஆகிறான்?

மரத்தை வெட்டுவது கொலையா, சொத்துச் சேதமா? குடியிருப்பு வகையில் அது வீட்டை இடிப்பது. அதனால்தான் மாற்றிடம் கொடுத்ததோடு விநயக் கதை முடிகிறது. இரட்டை உயிர் வகையில் அது கொலை, தண்டனையும் அதற்கேற்ப இருக்கிறது. ஓவிடின் கதையில் எரிசிக்தான் ஓக்கை வெட்டும்போது வெட்டுவாயிலிருந்து குருதி வழிகிறது, உள்ளிருந்து குரல் வருகிறது. தீராத பசி அவனைப் பிடிக்கிறது. கடைசியில் தன் உடலையே தின்கிறான். காட்டைத் தின்றவனுக்குப் பசியைத் தண்டனையாகக் கொடுத்த கதைசொல்லியை எத்தனை வணங்கினாலும் தகும்.

கிரேக்கக் கவிஞர் அப்பொல்லோனியஸ் சொல்லும் பரைபியஸ் கதை எனக்கு இன்னும் ஆழமாகப் படுகிறது. தன்னோடு ஒத்த வயதுடைய மரத்தை வெட்டாதே என்று மரமகள் அழுகிறாள். இளமைத் திமிரில் பரைபியஸின் தந்தை வெட்டிவிடுகிறான். வறுமை மகன்மேல் விழுகிறது. எவ்வளவு உழைத்தாலும் மீள முடிவதில்லை. கடைசியில் அந்த நிம்ஃபுக்குப் பலிபீடம் எழுப்பிப் பரிகாரம் செய்த பிறகே விடுதலை. நூற்றாண்டுகள் வாழும் இனத்தின் நினைவுக்கு முன்னால் தந்தையும் மகனும் நேற்றும் இன்றும் போலத்தான். மனிதர் தலைமுறை மாறியதும் கணக்கு முடிந்தது என்று நினைப்பார்கள். மரமாந்தருக்கு அது இன்னும் நடப்பு வழக்கு.

காட்டின் சார்பில் யார் வழக்காடுவது என்பதற்கு நிஜ உலகிலேயே முன்மாதிரி இருக்கிறது. நியூசிலாந்து 2014இல் தே உரேவேரா என்ற காட்டுப் பகுதிக்குச் சட்டத்தின் முன் தனி ஆள் என்ற தகுதியைக் கொடுத்தது. அதன் சார்பில் பேச ஒரு வாரியமும் உண்டு.

நடக்காமல் பரவுவது

கடைசியாக, நகர முடியாத இனம் எப்படிப் பரவும்? ஓக் விதை கனமானது, காற்றில் போகாது. அதைக் கொண்டுபோவது ஜே என்ற, காக்கைக் குடும்பத்துப் பறவை. ஒரே இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான ஓக் விதைகளைத் தூக்கிப்போய் மண்ணில் புதைத்து வைக்கும். குளிர்காலத்தில் தோண்டித் தின்னும். தோண்டாமல் விட்டவை முளைக்கும். பனியுகம் முடிந்தபின் தெற்கு ஐரோப்பாவில் ஒதுங்கியிருந்த ஓக் மரங்கள் வடக்கே திரும்பியதில் இந்தப் பறவைக்குப் பெரிய பங்குண்டு. ஆக ஒவ்வொரு ஓக்மகளும் தாயைக் காணாத குழந்தை. பறவை புதைத்த இடத்தில், அந்நிய மண்ணில், தனியே கண் விழிப்பவள். அவளை யார் வளர்ப்பது?

நற்றிணையின் 172ஆம் பாட்டில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. தோழியரோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்தி வைத்த புன்னை விதையை மறந்துவிட்டுப் போகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். 'உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் உடன்பிறந்தவள்' என்று அன்னை அந்த மரத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் தலைவனிடம் தோழி சொல்கிறாள், இந்தப் புன்னையின் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது என்று.